செஸ் புரோகிராம் கோப்பை ஜெயிச்சா அதுதான் பெஸ்டா? கம்ப்யூட்டர் டோர்னமெண்ட் ரிசல்ட்டை எப்படிப் படிக்கிறது

செஸ் சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கப் போறவங்களும் சரி, லைவ் மேட்ச் பாக்கும்போது யார் முன்னிலைன்னு காட்டி ஓரத்துல ஏறி இறங்குற அந்த வெள்ளை கருப்பு பட்டைய நம்பி உக்காந்திருக்கிறவங்களும் சரி, ஒரு இடத்துல கண்டிப்பா குழம்பிடுறாங்க. ஒரு புரோகிராமோட டப்பா மேல "உலக சாம்பியன்"னு போட்டிருக்கும். ரேட்டிங் லிஸ்டத் தொறந்தா முதல் இடத்துல வேற ஒண்ணு இருக்கும். மூணாவதா ஒருத்தர் வந்து, இது எதுவும் வேணாம், சும்மா கிடைக்கிற ஸ்டாக்ஃபிஷ் இது எல்லாத்தையும் அடிக்கும்பார். மூணு பேரும் பொய் சொல்லாமலே இது நடக்கலாம், ஏன்னா மூணு பேரும் அளந்தது வேற வேற விஷயத்த. எத அளந்தாங்கன்னு கண்டுபிடிக்க என்னென்ன பாக்கணும்ங்கிறத அடியிலிருந்து பாப்போம்.

எஞ்சின் வேற, சாஃப்ட்வேர் வேற

செஸ் எஞ்சின்ங்கிறது ரெண்டே வேலை செய்யுற புரோகிராம். முதல் வேலை தேடுறது, நான் இத ஆடினா எதிராளி அத ஆடுவான், அப்போ நான் இதன்னு ஒரு செகண்டுக்கு லட்சக்கணக்குல நிலைகளப் போட்டுப் பாக்கும். ரெண்டாவது வேலை மதிப்பீடு, தேடிப் போய் நின்ன இடம் யாருக்கு நல்லதுன்னு ஒரு நம்பர் குடுக்கும். போர்டு படம், கேம் டேட்டாபேஸ், பயிற்சி பாடம் இதெல்லாம் எஞ்சினுக்கு வெளிய இருக்கிற சட்டை.

கம்பெனி விக்கிறது சட்டையும் எஞ்சினும் சேர்ந்த பொட்டலம். ஜெர்மனியில ஹாம்பர்க்ல இருக்கிற செஸ்பேஸ் கம்பெனி ஃப்ரிட்ஸ்ங்கிற பேர்ல பல வருஷமா வித்துக்கிட்டு வருது, ஆனா ஆரம்ப கால ஃப்ரிட்ஸ் எஞ்சின எழுதினது ஃப்ரான்ஸ் மோர்ஷ்ங்கிற டச்சுக்காரர். ஷ்ரெடர்ங்கிற எஞ்சின எழுதினவர் ஸ்டெஃபான் மையர் காலன், ஜூனியர்ங்கிற எஞ்சின எழுதினது இஸ்ரேலைச் சேர்ந்த அமீர் பானும் ஷை புஷின்ஸ்கியும். அதனால டோர்னமெண்ட்ல மோதுறது கம்பெனிகள் மாதிரி தெரிஞ்சாலும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பேரோட மூளைதான் மோதிக்கிட்டு இருந்துச்சு. இது கடைசியில யாரோட கோடு (புரோகிராமா எழுதின வரிகள்)ன்னு வர்ற சண்டையப் புரிஞ்சிக்க தேவைப்படும்.

எலோ நம்பர் என்ன சொல்லுது

எலோ புள்ளிங்கிறது செஸ்ல குடுக்கிற ரேட்டிங் நம்பர், அது பலத்தோட எடை இல்ல, ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற தூரம். 100 புள்ளி அதிகமா இருக்கிறவர் 100 கேம் ஆடினா சுமாரா 64 பாயிண்ட் எடுப்பார், 200 அதிகம்னா 76, 400 அதிகம்னா 91. டிரா அரை பாயிண்டா கணக்கு.

இதுல மறக்கக் கூடாதது, யாரோட ஆடி வந்த நம்பர்ங்கிறது. மேக்னஸ் கார்ல்சன் 2014-ல தொட்ட 2882 மனுஷங்களோட ஆடி வந்தது. எஞ்சின் லிஸ்ட்ல 3600-ஐத் தாண்டி நிக்கிறது எஞ்சின்களோட ஆடி வந்தது. ரெண்டையும் கழிச்சுப் பாத்து எஞ்சின் இத்தன புள்ளி மேலன்னு சொல்றதுல அர்த்தமே கிடையாது, ஏன்னா ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல இப்போ சரிசமமான ஆட்டம் கிட்டத்தட்ட நடக்கிறதே இல்ல. ஒரு எஞ்சின் லிஸ்ட்ல இருக்கிற நம்பரையும் இன்னொரு எஞ்சின் லிஸ்ட்ல இருக்கிற நம்பரையும் ஒப்பிட்டாலும் இதே தப்புதான்.

எங்க வச்சு சோதிக்கிறாங்க

1. நேர்ல கூடி ஆடுற சாம்பியன்ஷிப். உலக கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப் 1974-ல ஸ்டாக்ஹோம்ல ஆரம்பிச்சு 2024 வரைக்கும் நடந்துச்சு, முதல் கோப்பைய சோவியத் யூனியனோட கயீசா எடுத்துச்சு. இங்க எழுதினவங்களே வந்தாங்க, பல வருஷம் அவங்கவங்க இஷ்டப்பட்ட மெஷின்ல ஓட்டினாங்க, மொத்தம் நாலுலேர்ந்து பதினோரு சுற்று மாதிரிதான் இருந்துச்சு.

2. ரேட்டிங் லிஸ்ட். ஸ்வீடன்ல எஸ்.எஸ்.டி.எஃப்ங்கிற அமைப்பு 1984-லேர்ந்து லிஸ்ட் போடுது, ஆர்வலர்கள் தங்களோட காசுல செஸ் கம்ப்யூட்டரயும் புரோகிராமயும் வாங்கி, பக்கத்துல பக்கத்துல வச்சு, 40 மூவுக்கு 2 மணி நேரம்ங்கிற டோர்னமெண்ட் நேரத்துல பொறுமையா ஆட விட்டு எழுதின கணக்கு அது. அந்த உழைப்ப நினைச்சா இப்பவும் பெரிய மரியாத வருது. அப்புறம் சி.சி.ஆர்.எல், சி.இ.ஜி.டி லிஸ்ட்கள் வந்துச்சு, ஒரே அளவு மெஷின், ஒரே மாதிரி ஓப்பனிங் (கேமோட முதல் சில மூவ்), ஆயிரக்கணக்குல கேம்.

3. டி.சி.இ.சி. நார்வேகாரர் மார்ட்டின் தோரசன் 2010-ல ஆரம்பிச்ச ஆன்லைன் போட்டி. எல்லா எஞ்சினும் நடத்துறவங்க மெஷின்லயே ஓடும், நேரம் நிறைய குடுப்பாங்க, கடைசியில ரெண்டு எஞ்சின் மட்டும் 100 கேம் சூப்பர்ஃபைனல் ஆடும். மேல சொன்ன ரெண்டுக்கும் நடுவுல வர்ற வகை இது.

ரிசல்ட்ட மாத்துற விஷயங்கள்

1. ஹார்ட்வேர்

தேடுற வேகம் கூடினா ஆட்டம் பலமாகும், இது எல்லாருக்கும் தெரியும். அதனால அவங்கவங்க மெஷின் கொண்டு வரலாம்னு சொல்ற போட்டியில ஜெயிச்சது புரோகிராமா மெஷினான்னு பிரிக்கவே முடியாது. 2008-ல பெய்ஜிங்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு ரிப்காங்கிற எஞ்சின் 40 கோர் (கணக்குப் போடுற யூனிட்) இருக்கிற, பல மெஷின் சேர்த்த கிளஸ்டர்ல வந்துச்சு, பக்கத்துல உக்காந்தவங்கள்ல பலர் சாதாரண மெஷின்தான். அடுத்த வருஷம் பாம்ப்லோனாவுல 8 கோருக்கு மேல கூடாதுன்னு விதி போட்டாங்க, அதுக்கும் எதிர்ப்பு வந்துச்சு, 2010-ல பழையபடி தொறந்து விட்டுட்டு, எல்லாருக்கும் ஒரே ஹார்ட்வேர்னு தனியா சாஃப்ட்வேர் சாம்பியன்ஷிப்னு இன்னொண்ணு வச்சாங்க. ஒரே கேள்விக்கு ஒரே பதில் கிடையாதுன்னு நடத்துறவங்களே ஒத்துக்கிட்டதா இத எடுத்துக்கலாம். 2015-ல லைடன்ல ஜானிங்கிற எஞ்சின் உலக சாம்பியன்ஷிப் ஜெயிச்சப்போ அது ஓடினது 2400 கோர்ல, அந்தக் கோப்பைய வச்சு வீட்டு லேப்டாப்ல ஜானி எப்படி ஆடும்னு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஆனா பெரிய மெஷின் கண்டிப்பா ஜெயிக்கும்னும் இல்ல. 1995-ல ஹாங்காங்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்தான் இதுக்கு சரியான உதாரணம். ஐ.பி.எம். செஸ்ஸுக்குன்னே செஞ்ச சிப்போட டீப் ப்ளூ ப்ரோட்டோடைப்ப இறக்குச்சு, எதிர்ல ஃப்ரிட்ஸ் 3, கடையில கிடைக்கிற 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம்ல. ஐ.பி.எம். மெஷின் அமெரிக்காவுலேர்ந்து லைன்ல ஆடிக்கிட்டு இருந்துச்சு, ஆட்ட நடுவுல கனெக்‌ஷன் போச்சு, திரும்ப வந்து ஆடி தோத்துச்சு. ஃப்ரிட்ஸ் உலக சாம்பியன். மொத்தமே அஞ்சு சுற்று. ரெண்டு வருஷம் கழிச்சு அதே டீப் ப்ளூவோட அடுத்த வடிவம்தான் அப்போதைய மனுஷ உலக சாம்பியன் காஸ்பரோவ 3.5க்கு 2.5னு ஜெயிச்சது. 1995-ல ஃப்ரிட்ஸ் 3 நெஜமாவே டீப் ப்ளூவவிட பலமானு கேட்டா, அந்த ஒரு கேம வச்சு சொல்ல முடியாது, ஆனா விளம்பரத்துல போட அந்த ஒரு கேம் போதும்.

இப்போ ஹார்ட்வேர் பிரச்சனை இன்னும் சிக்கலாயிடுச்சு. லீலா மாதிரி நியூரல் எஞ்சின் (கேம்கள்லேர்ந்து தானே கத்துக்கிட்ட நெட்வொர்க்க வச்சு மதிப்பிடுறது) கிராஃபிக்ஸ் கார்டுல ஓடுது, ஸ்டாக்ஃபிஷ் சிபியுல ஓடுது. எத்தன கோருக்கு எத்தன கார்டு சமம்? விலைய வச்சா ஒரு பதில், கரண்ட் செலவ வச்சா வேற பதில். எத எடுத்தாலும் அது நடத்துறவங்க எடுத்த முடிவுதான், இயற்கையில எழுதி வச்ச சமம் எதுவும் கிடையாது.

2. ஓப்பனிங் புக்

எஞ்சின் முதல் பத்து பதினஞ்சு மூவ யோசிக்காம ஒரு ஃபைல்லேர்ந்து எடுத்து ஆடும், அதுதான் புக். நேர்ல ஆடின சாம்பியன்ஷிப்ல புக் தயார் பண்றதுக்குன்னே தனி ஆள் வந்தார், எதிராளியோட பழைய கேம்லேர்ந்து ஓட்டைய கண்டுபிடிச்சு அதுக்குள்ள இழுத்துட்டுப் போனார். மனுஷங்க செய்யுறதும் இதேதான், தப்பு சொல்ல முடியாது. ஆனா ரேட்டிங் லிஸ்ட்லயும் இது புகுந்துச்சு, 90கள்ல எந்தெந்த புரோகிராமோட எஸ்.எஸ்.டி.எஃப் ஆட விடும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்ததால அந்தந்த எதிராளிக்குன்னே குறி வச்ச புக் பத்தி பெரிய வாக்குவாதம் ஓடுச்சு. வாங்குறவங்களுக்கு இதனால பைசா பிரயோஜனம் இல்ல, ஒரு குறிப்பிட்ட எதிராளிய ஒரு குறிப்பிட்ட வரியில மடக்குற திறமை நம்ம கேம அலசுறப்போ எதுக்கும் உதவாது. பிற்கால லிஸ்ட்கள் எல்லாருக்கும் பொது ஓப்பனிங்னு வச்சதுக்கு காரணம் இதுதான்.

புக்கே இல்லாம ஆட விட்டா என்னன்னு கேக்கலாம். ரெண்டு எஞ்சினும் கிட்டத்தட்ட ஒரே கேம திரும்பத் திரும்ப ஆடும், நூறு கேம் ஆடினாலும் நாலஞ்சு கேம் ஆடின தகவல்தான் கையில நிக்கும்.

3. நேரம்

ஒரு மூவுக்கு ஒரு செகண்ட்ல ஜெயிக்கிற எஞ்சின் மூணு நிமிஷத்துல ஜெயிக்கும்னு இல்ல. நேரத்த மிச்சம் பிடிக்கிறதும் திறமைதான். கஷ்டமான இடத்துல ஒதுக்கி வச்சு யோசிக்கிற எஞ்சினுக்கு மூவுக்கு இவ்வளவுன்னு கட்டி வச்சா கைய கட்டின மாதிரி.

4. கேம் எண்ணிக்கை

எல்லாத்தையும்விட கம்மியா கவனிக்கிறது இதத்தான், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். சமமான ரெண்டு எஞ்சின் 100 கேம் ஆடுது, 80 டிரான்னு வைங்க. மிச்சம் 20 கேம் காசு சுண்டி விட்ட மாதிரி எந்தப் பக்கமும் விழலாம். கணக்குப் போட்டா சும்மா அதிர்ஷ்டத்தால மட்டுமே 50லேர்ந்து நாலு நாலர பாயிண்ட் மேலயும் கீழயும் ஆடும், இத எலோவா மாத்தினா கூட்டியும் குறைச்சும் சுமார் 30 புள்ளி. இப்போ 2019 ஆரம்பத்துல முடிஞ்ச டி.சி.இ.சி 14-வது சீசன எடுங்க. ஸ்டாக்ஃபிஷ் 50.5, லீலா 49.5. பத்து வெற்றி, ஒம்பது தோல்வி, 81 டிரா. சாம்பியன் ஸ்டாக்ஃபிஷ்தான், விதிப்படி அதுல சந்தேகமே இல்ல, ஆனா எது பலம்னு அந்த மேட்ச் சொல்லவே இல்ல. அடுத்த சீசன்ல லீலா 53.5க்கு 46.5னு ஜெயிச்சுச்சு, 14 வெற்றி 7 தோல்வி, பாக்க பெருசா இருக்கு, ஆனா அதுவும் மேல சொன்ன ஆட்டத்துக்குள்ளதான் அடங்குது. ஒரே ஓப்பனிங்க ரெண்டு பக்கமும் மாத்தி ஆடுறதால நெஜப் பிழை நான் போட்ட கணக்கவிட கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனாலும் சீசனுக்கு சீசன் தலைப்பு மாறுறத வச்சு "லீலா முந்திடுச்சு, ஸ்டாக்ஃபிஷ் திரும்பப் பிடிச்சிடுச்சு"ன்னு பேசினதுல பாதி வெறும் சுண்டின காசுதான்.

நூறு கேமுக்கே இப்படின்னா பதினோரு சுற்று டோர்னமெண்ட்ட நினைச்சுப் பாருங்க. 2006-ல டூரின்ல நடந்த உலக சாம்பியன்ஷிப் சமயத்துல ரேட்டிங் லிஸ்ட்கள்ல ரிப்கா மேல உக்காந்திருந்துச்சு, கோப்பைய எடுத்தது ஜூனியர். லிஸ்ட் தப்புன்னு சிலர் சொன்னாங்க, டோர்னமெண்ட் தப்புன்னு சிலர் சொன்னாங்க, ரெண்டும் தப்பில்ல. பதினோரு கேம்ல ரெண்டு பாயிண்ட் வரைக்கும் அதிர்ஷ்டம் இழுக்கும், அதோட மெஷினும் புக்கும் வேற.

திருப்பிக் கேட்டா, 5 எலோ வித்தியாசத்த உறுதியா பிடிக்க எத்தன கேம் வேணும்? டிரா விகிதத்தப் பொறுத்து பல ஆயிரம், பத்தாயிரம் கூட ஆகும். ஸ்டாக்ஃபிஷ் இந்தக் கணக்க புரிஞ்சு கட்டின புரோஜெக்ட். 2013-ல கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட்னு ஒண்ண ஆரம்பிச்சார், உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் வீட்டு கம்ப்யூட்டர இரவல் குடுக்குறாங்க, கோட்ல ஒரு வரி மாத்தினாலும் பழசோட மோத விட்டு, முதல்ல 10 செகண்ட் கேம், தேறினா 60 செகண்ட் கேம்னு, புள்ளியியல் சோதனை பாஸ் ஆனாதான் உள்ள சேக்குறாங்க. தனியா எழுதி விக்கிற ஒருத்தர் ராத்திரி பூரா நாலு மெஷின் ஓட்டி கண்டுபிடிக்கிறத இவங்க சில மணி நேரத்துல கண்டுபிடிச்சாங்க. கம்பெனி எஞ்சின்கள ஸ்டாக்ஃபிஷ் தாண்டிப் போனதுக்கு பெரிய காரணம் இதுன்னு நான் நம்புறேன், 2020 செப்டம்பர்ல 12-வது வெர்ஷன்ல ஷோகிங்கிற ஜப்பானிய செஸ் ஆட்டத்துக்காக யு நாசு கண்டுபிடிச்ச சின்ன நியூரல் நெட்வொர்க்க எடுத்துக்கிட்டதும் சேர்ந்து.

5. மனுஷன்

2003-ல கிராஸ் நகர்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஷ்ரெடரும் ஜானியும் ஆடினப்போ, ஒரே நிலை மூணாவது தடவ வரப் போகுதுன்னு ஜானி திரையில காட்டுச்சு, கேட்டிருந்தா டிரா. ஷ்ரெடர் ஜெயிக்க வேண்டிய நிலையில ஒரு கோளாறால திரும்பத் திரும்ப அதையே ஆடிக்கிட்டு இருந்ததால, அப்படி ஒரு டிராவ எடுக்க ஜானி பக்கத்துல உக்காந்தவருக்கு மனசு வரல, தொடர்ந்து ஆடினார், ஷ்ரெடர் ஜெயிச்சுச்சு. கடைசியில ஷ்ரெடரும் ஃப்ரிட்ஸும் 11-க்கு 9.5னு சமமா வந்து, டைபிரேக்ல ஷ்ரெடர் சாம்பியன் ஆச்சு. அந்த அரை பாயிண்ட் போயிருந்தா கோப்பை ஃப்ரிட்ஸுக்கு. புரோகிராமோட பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

டிரா பிரச்சனையும் சாய்ஞ்ச ஓப்பனிங்கும்

எஞ்சின்கள் ரொம்ப பலமாயிட்டதால சாதாரண ஓப்பனிங்லேர்ந்து ஆட விட்டா கிட்டத்தட்ட எல்லாமே டிராதான். அதனால டி.சி.இ.சி மாதிரி போட்டிகள்ல வேணும்னே ஒரு பக்கத்துக்கு சாதகமான ஓப்பனிங்க குடுத்து, ரெண்டு எஞ்சினும் அதே ஓப்பனிங்க வெள்ளையா ஒரு தடவ கருப்பா ஒரு தடவ ஆடுது. சாதகமான பக்கத்த வச்சு ஜெயிக்கணும், பாதகமான பக்கத்த வச்சு டிராவுக்குப் பிடிக்கணும்.

இதோட விளைவு, எலோ வித்தியாசம்ங்கிறது ஓப்பனிங் எடுக்கிறவர் கையில இருக்கு. அதே ரெண்டு எஞ்சின், சமமான ஓப்பனிங்ல 5 புள்ளி தூரம் காட்டும், கூர்மையான ஓப்பனிங்ல 40 காட்டும். எந்த எஞ்சின் மேலங்கிறது பெரும்பாலும் மாறாது, எவ்வளவு மேலங்கிறது மாறும். விளம்பரத்துல போடுறதோ அந்த எவ்வளவைத்தான்.

கம்பெனி தானே நடத்துற மேட்ச்

2017 டிசம்பர்ல கூகுளோட ஏ.ஐ. கம்பெனி டீப்மைண்ட், தானே ஆடிக் கத்துக்கிட்ட ஆல்ஃபாஜீரோங்கிற எஞ்சினோட ரிசல்ட்ட வெளியிட்டுச்சு. ஸ்டாக்ஃபிஷ் 8-ஓட 100 கேம், 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்வி கூட இல்ல. ஆல்ஃபாஜீரோ செகண்டுக்கு 80 ஆயிரம் நிலைதான் பாத்துச்சு, ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி. உலகமே வாயப் பிளந்துச்சு, அது நியாயமும் கூட. ஆனா நிபந்தனையப் படிச்சவங்க கேள்வி கேட்டாங்க: மூவுக்கு ஒரு நிமிஷம்னு கட்டின நேரம், 64 திரெட் ஓடுற ஸ்டாக்ஃபிஷுக்கு ஹாஷ் மெமரி (ஏற்கனவே பாத்த நிலைகள ஞாபகம் வச்சுக்கிற இடம்) 1 ஜிபி மட்டும், இன்னொரு பக்கம் நியூரல் நெட்வொர்க்குக்குன்னே செஞ்ச, கடையில கிடைக்காத டிபியு சிப்.

டீப்மைண்ட் அந்தக் கேள்விய மதிச்சது. 2018 டிசம்பர்ல வந்த முழு ஆய்வுல 1000 கேம், 3 மணி நேரத்தோட மூவுக்கு 15 செகண்ட் கூடுதல்னு நியாயமான நேரம். 155 வெற்றி, 6 தோல்வி, மிச்சம் டிரா. முடிவு மாறல, அளவு மாறிடுச்சு. தோல்வியே இல்லைங்கிற கதை போய் நம்பக் கூடிய ஒரு நம்பர் வந்துச்சு. கம்பெனி தன் பொருள தானே சோதிச்சாலும் நிபந்தனைய முழுசா வெளிய சொன்னா வெளியாள் அத சரிபாக்க முடியும்ங்கிறதுக்கு இத நான் நல்ல உதாரணமா பாக்குறேன்.

ஜெயிச்சது யாரோட கோடு

மேல சொன்ன எல்லாம் சரியா இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். ஓடுறது நெஜமாவே அவங்க எழுதினதுதானா?

2005 ரெய்க்யாவிக் உலக சாம்பியன்ஷிப்ல ஃபேபியன் லெட்டூசேயோட ஃப்ரூட் எஞ்சின் ரெண்டாவது வந்துச்சு, அதோட கோட் ஒரு கட்டம் வரைக்கும் எல்லாருக்கும் தொறந்தே கிடந்துச்சு. அதே வருஷக் கடைசியில வசிக் ராய்லிக்கோட ரிப்கா திடீர்னு பெரிய பாய்ச்சல்ல வந்து 2007லேர்ந்து 2010 வரைக்கும் நாலு உலகப் பட்டத்தையும் எடுத்துச்சு. 2011 ஜூன்ல, அந்த உலக சாம்பியன்ஷிப்ப நடத்தின ஐ.சி.ஜி.ஏ அமைப்பு விசாரணை நடத்தி கிராஃப்டி, ஃப்ரூட்ங்கிற ரெண்டு எஞ்சின்லேர்ந்தும் எடுத்த கோடு ரிப்காவுல இருக்குன்னு முடிவு பண்ணி நாலு பட்டத்தையும் பறிச்சுடுச்சு. ராய்லிக் மறுத்தார். 2007 பட்டம் ஜாப்பாவுக்கும் 2008 பட்டம் ஹியார்க்ஸுக்கும் போச்சு. அந்த வருஷங்கள்ல ரெண்டாவது வந்தவங்க டப்பா மேல "உலக சாம்பியன்"னு போட முடியாம வித்தாங்க, வர வேண்டிய வியாபாரம் போயிடுச்சு, அத எந்த விசாரணையும் திருப்பிக் குடுக்காது.

அப்புறம் 2021 பிப்ரவரி. செஸ்பேஸ் ஃபேட் ஃப்ரிட்ஸ் 2-ஐ கிட்டத்தட்ட 100 யூரோவுக்கு விக்க ஆரம்பிச்சது. ஸ்டாக்ஃபிஷ் டீம் உள்ள பாத்துட்டு இது எங்க எஞ்சின்தான், நியூரல் நெட்வொர்க்க மட்டும் மாத்தியிருக்காங்கன்னு பகிரங்கமா அறிக்கை விட்டாங்க. இங்க ஸ்டாக்ஃபிஷ் வெளிவர்ற ஜிபிஎல் லைசன்ஸ்னா என்னன்னு தெரியணும். ஸ்டாக்ஃபிஷ எடுத்து மாத்தி விக்கிறது தப்பே இல்ல, அனுமதி இருக்கு, ஆனா வாங்குறவருக்கு இது ஸ்டாக்ஃபிஷ்லேர்ந்து வந்ததுன்னு சொல்லணும், மாத்தின கோடையும் குடுக்கணும். அது நடக்கலைங்கிறதுதான் புகார். 2021 ஜூலையில வழக்கு போட்டாங்க, 2022 நவம்பர்ல சமரசம் ஆச்சு. செஸ்பேஸ் ஒரு வருஷம் ஸ்டாக்ஃபிஷ் சம்பந்தப்பட்ட எஞ்சின விக்காம நிறுத்தி வைக்கிறதுக்கும், லைசன்ஸ் விதிய கவனிக்க தனியா ஒரு பொறுப்பாளர வைக்கிறதுக்கும் ஒத்துக்கிச்சு.

டோர்னமெண்ட்ட ஒப்பிடுறவங்களுக்கு இதுல நேரடி சிக்கல் இருக்கு. ஒரே கோட் வேற வேற பெயர்ல லிஸ்ட்ல ரெண்டு இடத்த பிடிச்சா, போட்டி இருக்கிற மாதிரி தெரியும், உள்ள ஒரே ஆள்தான். அதனாலதான் டி.சி.இ.சி மாதிரி இடங்கள்ல தேடுற பகுதி, மதிப்பீடு பகுதி ரெண்டும் எவ்வளவு சொந்தம்னு பாத்து உள்ள விடுறாங்க, ஒரு எஞ்சின் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி தெரிய வந்தா பழைய பட்டத்தையும் பறிக்கிறாங்க. ஹூடினிங்கிற எஞ்சினுக்கு அப்படி ஆச்சு.

இப்போ வாங்குறவர் எதுக்கு காசு குடுக்கிறார்

உச்சியில இருக்கிற எஞ்சின் இலவசம்ங்கிறதால பலத்துக்குன்னு யாரும் காசு குடுக்க வேண்டிய அவசியம் இல்ல. கம்பெனிகளும் இது புரிஞ்சு வேற பக்கம் திரும்பிட்டாங்க. டான் டெய்லியும் லேரி காஃப்மனும் வளத்த கொமோடோங்கிற எஞ்சின 2018-ல செஸ்.காம் வாங்குச்சு, அந்த எஞ்சின வச்சு மனுஷன் மாதிரி தப்பு பண்ணி ஆடுற பாட்கள ஓட்டுறாங்க, 900 ரேட்டிங்ல இருக்கிற ஒரு பையனோட 900 ரேட்டிங் மாதிரியே ஆடுறது 3600ல ஆடுறதவிட கஷ்டமான வேலை. செஸ்பேஸ் டேட்டாபேஸயும் பயிற்சி வீடியோவயும் விக்குது. இந்த ரெண்டு விஷயத்துலயும் எந்த பொருள் நல்லதுன்னு சொல்ற ரேட்டிங் லிஸ்ட் ஒண்ணும் இன்னும் கிடையாது, எலோவால அத அளக்கவும் முடியாது.